விஸ்தரிப்புக் கட்டடம் யாருடையது?

ஒரு கிராமத்திலே முதன்முதலாகப் பாடசாலை எழும்போது, அதனை எழுப்பியவர் எவராயினும், ஊர் மகிழ்கின்றது. கும்பம் வைக்கப்படுகிறது, பெயர்க்கல் பதிக்கப்படுகிறது, பேச்சுக்கள் நிகழ்கின்றன. ஆனால் பிள்ளைகளின் தொகை பெருகி, இருக்கின்ற மண்டபம் போதாது, இன்னுமொரு கட்டடம் வேண்டும் என்ற நிலை வரும்போதே உண்மையான சோதனை ஆரம்பமாகின்றது. முதற் கட்டடம் எவரோ ஒருவருடைய தருமமாகக் கிடைத்திருக்கலாம். அல்லது தேர்தற் காலத்து வாக்குறுதியின் விளைவாக வந்திருக்கலாம். இரண்டாவது கட்டடமோ, முதலாவதிலிருந்து அந்த ஊர் எதைக் கற்றது, எதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது என்பதற்குச் சாட்சியாக நிற்கின்றது.

'நிலைபேறான' கட்டடம் என்ற சொற்றொடர் இன்று எங்கும் அடிபடுகின்றது. அமைச்சர்களும் சொல்கின்றனர், உதவி வழங்கும் நிறுவனங்களும் சொல்கின்றன. அந்தச் சொல்லுக்கு நேர்மையான பொருள் என்னவென்று அறிய, ஓர் ஏழை ஆபிரிக்கக் கிராமத்தின் ஆரம்ப பாடசாலையை நம் வாசகர்முன் சாட்சிக்கு அழைக்கின்றோம். ஏனெனில் அங்கே முதற் கட்டடமும் விஸ்தரிப்பும் ஒரே ஊராரின் கைகளால் எழுந்தன. இரண்டையும் அருகருகே வைத்து நாம் ஒப்பிடலாம்.

புர்க்கினா பாசோ, 1960 ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியினின்றும் விடுபட்ட நாடு. கடற்கரை இல்லாத நாடு. பெரும்பான்மை மக்கள் மானம் பார்த்துப் பயிர் செய்பவர்கள். அதன் தலைநகராகிய வாகடூகுவிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தொலைவிலே காண்டோ என்ற கிராமம் இருக்கின்றது. பாடசாலை கட்டப்பட்ட காலத்தில் அங்கே மின்சாரம் இல்லை; குழாய் நீர் இல்லை. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்.

அவ்வூர்த் தலைவரின் மூத்த மகனாக 1965 இல் பிறந்தவர் பிரான்சிஸ் கெரே. ஊரிலே பாடசாலை இல்லாமையால், ஏழு வயதிலே பெற்றோரைப் பிரிந்து தெங்கோடோகோ என்னும் பட்டினத்திற்குச் சென்று படித்தார். நெரிசல் மிகுந்த, காற்றோட்டமற்ற, வெந்து தணியாத வகுப்பறையே அவருக்கு வாய்த்தது. பின்னர் தச்சுத் தொழில் கற்றார். 1985 இல் உதவிப் பணம் பெற்று ஜேர்மனிக்குச் சென்றார். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலே கட்டடக்கலை பயின்றார். விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பும்போதெல்லாம் ஊர்ப் பெண்கள் தம் ஆடை மடிப்பிலிருந்த கடைசி நாணயத்தை எடுத்து அவர் கையிலே வைப்பார்களாம். அதை அவர் பல மேடைகளிலே நன்றியுடன் கூறியிருக்கின்றார். அந்த நாணயங்களை அவர் கடனாகவே கொண்டார். பட்டம் பெறும்வரை காத்திராமல், மாணவனாக இருக்கும்போதே 1998 இல் ஜேர்மனியில் ஒரு சங்கம் அமைத்து, தம் கிராமத்துக்குப் பாடசாலை கட்டப் பணம் திரட்டினார். 2001 ஆம் ஆண்டிலே பாடசாலை நிறைவெய்தியது.

மண்ணாற் கட்டப்போகிறேன் என்று அவர் சொன்னபோது, ஊரார் திகைத்தனர். ஐரோப்பாவிலே ஆண்டுக்கணக்காகப் படித்தவன், கண்ணாடியும் கொங்கிரீற்றும் கொண்டு வருவான் என்றல்லவா அவர்கள் காத்திருந்தார்கள்! மண்சுவர் மாரி மழைக்கு நில்லாது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம். அந்தக் கவலையை அவர் ஏளனம் செய்யவில்லை. களிமண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து, கைப்பொறியினால் அழுத்திக் கற்களை வார்த்துக் காட்டினார். மாதிரிக்கு ஒரு வளைவு கட்டி, அதன்மேல் ஆட்களை ஏற்றி நிறுத்தி, அது இடியாமல் நிற்பதை ஊரே பார்க்கச் செய்தார். சொல்லினால் அன்றிச் சான்றினால் வழக்கை நிறுவினார் என்று நாம் கூறலாம்.

பிறகு ஊர் எழுந்தது. பிள்ளைகள் அத்திவாரத்துக்குக் கல் சுமந்து வந்தனர். பெண்கள் நீர் சுமந்தனர். வரிசையாக நின்று மண்தரையைத் தட்டித் தட்டி இறுக்கி மெருகிட்டனர். ஆண்கள் மண்கல் வார்த்தனர். மூன்று வகுப்பறைகள் ஒரே வரிசையிலே, இடையிடையே கூரையிட்ட திறந்த வெளிகளுடன் எழுந்தன. பிள்ளைகள் வெளியே அமர்ந்து படிக்கவும் விளையாடவும் அவ்வெளிகள் நிழல் தருகின்றன.

இக்கட்டடத்தின் சூட்சுமம் அதன் கூரையிலே இருக்கின்றது. தகரக் கூரையின் கீழ் நண்பகலிலே அமர்ந்திருந்தவர்களுக்கு அதன் கொடுமையை நாம் விளக்க வேண்டியதில்லை. வெயிலிலே காய்ந்த தகரம் தன் வெப்பத்தை நேராகப் பிள்ளைகளின் தலைமீது இறக்குகின்றது. காண்டோவிலும் தகரமே போட்டார்கள். ஆயினும் அதனை வகுப்பறையோடு சேர்த்து மூடவில்லை. மண்கற்களைப் பரப்பி முதலில் ஒரு மேற்றளம் அமைத்தார்கள். அதற்கு மேலே, சாதாரண இரும்புக் கம்பிகளை ஒட்டிச் செய்த மெல்லிய சட்டங்களின்மீது, தகரக் கூரையை உயர்த்தி நிறுத்தினார்கள். இரண்டுக்கும் இடையிலே காற்று தடையின்றி ஓடுகின்றது. வெயிலாற் சூடேறிய காற்று மேலே வெளியேற, அடுக்களைப் புகைக்கூடு புகையை இழுப்பது போல, யன்னல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. தகரத்தின் அனல் பிள்ளைகளை எட்டுவதில்லை. கூரையின் அகன்ற தாழ்வாரம் மண்சுவரை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கின்றது. மின்விசிறி வேண்டாம், மின்கட்டணம் வேண்டாம். பாரந்தூக்கும் இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை. கைவாளும் சிறியதோர் ஒட்டுப்பொறியும் பயன்படுத்தப் பழகிய ஊர் இளைஞரே அக்கூரையைப் பொருத்தினர்.

120 பிள்ளைகளை எண்ணிக் கட்டப்பட்ட அப்பாடசாலையிலே இடம் விரைவில் போதாமற் போயிற்று. சுற்றூர்ப் பிள்ளைகளும் வந்து நின்றனர். ஆகவே விஸ்தரிப்புக் கட்டடம் தொடங்கப்பட்டு, 2008 இல் நான்கு வகுப்பறைகளுடன் நிறைவுற்றது. இங்கேதான் நம் வழக்கின் மையம் இருக்கின்றது. முதற் கட்டடத்தின் தட்டையான மேற்றளத்துக்குப் பதிலாக, விஸ்தரிப்பிலே மண்கற்களால் வளைவான மேற்றளம் கட்டினார்கள். கற்களுக்கிடையே இடைவெளிகளை விட்டார்கள். வெப்பக் காற்று அவ்விடைவெளிகள் வழியே நேராக மேலே எழுந்து செல்கின்றது. முன்னையதைவிடத் திருந்திய அமைப்பு இது. முன்னையதைவிடக் கடினமான வேலையும் இது. ஏழு ஆண்டுகளுக்கு முன் மண்சுவர் நில்லாது என்று அஞ்சிய அதே ஊரார், மண் வளைவைத் தலைக்கு மேலே கட்டும் தேர்ச்சியைப் பெற்றுவிட்டார்கள். கற்களோடு சேர்ந்து அறிவும் அடுக்கப்பட்டது.

அடுத்து நிகழ்ந்தவை அரசியல் அறிந்தவர்களுக்கு இன்னும் முக்கியமானவை. ஊரார் கட்டிய பாடசாலைக்கு அரசாங்கத்தார் ஆசிரியர்களை நியமித்துச் சம்பளம் வழங்கினர். அங்கே தொழில் பழகிய இளைஞருக்குப் பட்டினத்துப் பொதுவேலைகளிலும் இடமளிக்க முன்வந்தனர். அயற் கிராமங்கள் இரண்டு, இதனைக் கண்டு, தாமும் கூடித் தம் பாடசாலைகளைக் கட்டிக்கொண்டன. 2004 இல் ஆகா கான் கட்டடக்கலை விருது காண்டோப் பாடசாலைக்குக் கிடைத்தது. கட்டடக்கலைஞருக்கு உலகிலே மிக உயர்ந்ததாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு 2022 இல் கெரேக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆபிரிக்கர் அவரே. எனினும் விருதுகளைக் காட்டிலும் நாம் பெரிதாக மதிப்பது வேறொன்று. கட்டடத்திலே ஒரு கல் பெயர்ந்தால், தலைநகருக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திராமல், அதனை மீண்டும் பதிக்க அறிந்தவன் அவ்வூரிலேயே இருக்கின்றான். நிலைபேறு என்ற சொல்லுக்கு நாம் காணும் பொருள் இதுவே.

இனி நம் நாட்டை நோக்குவோம். ஊர் கூடிப் பாடசாலை எழுப்புவது தமிழருக்குப் புதிய பாடமன்று. 1848 இல் வண்ணார்பண்ணையிலே நாவலர் பெருமான் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை முதலாக, சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் தத்தம் ஊர்களிலே பாடசாலைகளை எழுப்பினர். பிடியரிசி சேர்த்தும், பனைமரம் தறித்துக் கொடுத்தும், நிலம் எழுதி வைத்தும் மக்கள் உதவினர். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், அதனை அடுத்து வந்த 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் பொறுப்பிலே கொண்டுவந்தன.

பழைய காலத்தைப் பொற்காலமாகப் பாடுவது நம் நோக்கமன்று. 'ஊர்ப் பாடசாலை' என்ற பெயரிலே ஊரின் ஒரு பகுதியாரைப் படலைக்கு வெளியே நிறுத்தியதும், உள்ளே விட்டால் தரையில் இருத்தியதும் நம் சரித்திரமே. 1930 ஆம் ஆண்டை ஒட்டிச் சம ஆசனம் வந்தபோது, அதனைப் பொறாதவர்கள் பாடசாலைகளுக்குத் தீ வைத்ததும் நம் சரித்திரமே. அரசாங்கம் பொறுப்பேற்றமை பல பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது என்பதை எவரும் மறுத்தல் ஆகாது. ஆயினும் பொறுப்புப் போனதோடு தொழிலறிவும் உரிமையுணர்வும் ஊரைவிட்டுப் போயின. இன்று விஸ்தரிப்புக் கட்டடம் ஒன்று அனுமதிக்கப்படும்போது, வரைபடத்தை ஊரார் காண்பது எப்போது? பெரும்பாலும் சுவர் எழுந்த பின்னரே. ஒப்பந்தகாரர் வருகிறார், கட்டுகிறார், போகிறார். மூன்றாம் மாரியிலே கூரை ஒழுகினால், அதனைத் தீர்க்கும் வழி ஊரிலே எவருக்கும் தெரிவதில்லை.

மலைநாட்டின் குளிருக்கும் மன்னாரின் வெயிலுக்கும் ஒரே அச்சில் வார்த்தன போன்ற மண்டபங்களை நாம் காண்கின்றோம். 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வெப்பம் மிகுந்தபோது, பிள்ளைகளை வெயிலிலே விளையாட விடாதீர்கள் என்று கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. நல்லது, மைதானத்திலிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டோம். அழைத்து எங்கே இருத்துகின்றோம்? தணல்போற் கொதிக்கும் தகட்டுக் கூரையின் கீழே அல்லவா!

அத்தகடு அஸ்பெஸ்டஸாக இருந்தால், அனலோடு மற்றோர் ஆபத்தும் சேர்கின்றது. அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தீர்ப்பு. தகடு உடைந்து, தேய்ந்து, அறுக்கப்பட்டு, அதன் நுண்ணிய நார் மூச்சோடு உட்செல்லும்போது தீங்கு நேர்கின்றது. 2018 முதல் அதன் இறக்குமதியைப் படிப்படியாகக் கட்டுப்படுத்த நம் அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரிலே, ஒரு வண்டு காணப்பட்டதென்று ருஷியா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் நாடும் அதுவே. உடனே அஸ்பெஸ்டஸ் பற்றிய நம் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. தேயிலையால் வாழும் தோட்டத் தொழிலாளரின் சோற்றை நாம் இலேசாகப் பேசவில்லை. ஆனால் பிள்ளைகளின் தலைக்கு மேலே எது இருக்கவேண்டும் என்ற முடிவு எங்கே, எந்தப் பேரத்திலே எடுக்கப்படுகின்றது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

நம் கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் நேர்மையாக எடுத்து நோக்குவோம்.

"ஆபிரிக்க வறள் நிலத்துக்கு ஏற்ற மண்சுவர், ஐப்பசி, கார்த்திகையிலே வெள்ளம் புரளும் நம் நிலத்துக்கு ஆகுமா?" என்று கமக்காரர் கேட்பர். நியாயமான கேள்வி. காண்டோவின் மண்ணை இங்கே கொண்டுவரச் சொல்பவர் எவருமில்லை. காண்டோவின் நியாயத்தையே நாம் கேட்கின்றோம். அருகிலே கிடைப்பது எது, அங்குள்ள வெயிலும் மழையும் எத்தகையன, ஊராரின் கைக்கு எது பழகும் என்ற மூன்று கேள்விகளை அவர்கள் கேட்டார்கள். அவற்றையே யாழ்ப்பாணத்திலே கேட்டால் சுண்ணக்கல்லும் பனைவைரமும் ஓடும் விடையாகலாம். வன்னியிலே கிரவல் மண் விடையாகலாம். அழுத்திய மண்கல்லும் இந்நாட்டுக்குப் புதிதன்று. அதற்கெனத் தரநிர்ணயம் ஒன்றை, 1382 ஆம் இலக்கத்திலே, இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2009 இலேயே வெளியிட்டிருக்கின்றது. உயர்ந்த அத்திவாரமும் அகன்ற தாழ்வாரமும் மழையைத் தாங்கும் என்பதை நம் மூதாதையரின் நாற்சார் வீடுகளே நமக்குக் கற்பித்திருக்கின்றன.

"மண்ணும் ஓடும் பனஞ்சலாகையும் ஏழ்மையின் சின்னங்கள், கல்வீடன்றோ மதிப்பு?" என்று படித்தவர்களுள்ளும் சிலர் நினைப்பர். வெளியிலே மதிப்பாகத் தோன்றி, உள்ளே பிள்ளையைப் பகல் முழுதும் வேகவைக்கும் கட்டடத்தால் யாருக்கு என்ன மதிப்பு? பிள்ளை கண் செருகாமல் பாடம் கேட்கின்றதா என்பதே பாடசாலைக் கட்டடத்தின் மதிப்பை அளக்கும் கோல்.

"ஊரார் உழைத்துக் கட்டினால், அரசாங்கம் தன் கடமையினின்றும் நழுவிவிடாதா?" என்பது மூன்றாவது வாதம். மூன்றிலும் வலிமை வாய்ந்தது இதுவே. வரி செலுத்தும் மக்களிடம் மறுபடியும் கூலியில்லா உழைப்பைக் கேட்பது அநீதி என்பதை நாம் ஏற்கின்றோம். அதிலும், நிலமுடையவன் பெயர்க்கல்லிலே இடம்பெற, நிலமற்றவன் கல் சுமக்கும் 'சிரமதானம்' நமக்கு வேண்டாம். ஆகவே கூலி கொடுக்கப்படல் வேண்டும்; பணம் அரசாங்கத்தினுடையதாகவே இருத்தல் வேண்டும். நாம் கேட்பது, அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஊரின் மேசனுக்கும் தச்சனுக்கும் கூலியாகவும் பயிற்சியாகவும் ஊரிலேயே தங்கவேண்டும் என்பது. கிராமச் சங்கங்களுக்குச் சிறு வேலைகளை நேரே ஒப்படைக்கும் முறை இந்நாட்டிலே முன்னரே இருக்கின்றது. அதனை நல்ல வரைபடத்தோடும் தகுந்த மேற்பார்வையோடும் இணைப்பதே எஞ்சியுள்ள வேலை. காண்டோவிலே மக்கள் கட்டியது அரசாங்கத்தின் கடமையைத் தள்ளுபடி செய்யவில்லை. ஆசிரியர் வேண்டும் என்று உரிமையுடன் கேட்கும் வாயை அவர்களுக்குத் தந்தது.

ஆகவே நம் வாசகரிடம் சில காரியங்களை வேண்டுகின்றோம். உங்கள் ஊர்ப் பாடசாலைக்கு விஸ்தரிப்புக் கட்டடம் அனுமதிக்கப்பட்டது என்று கேள்விப்பட்டவுடன், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டுங்கள். ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன்னரே வரைபடத்தைப் பார்க்கக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகின்றது. விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஊரிலே ஒரு சட்டத்தரணியேனும் முன்வரல் வேண்டும்.

வரைபடத்திலே எதைப் பார்ப்பது? கட்டடத்தின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடி, யன்னல்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றனவா? அவ்வாறாயின் காலை, மாலை வெயில் பிள்ளைகள்மேல் விழாது. கூரை அஸ்பெஸ்டஸ் இன்றி அமைகின்றதா? தகரமாயின், அதன் கீழே மேற்றளமும் காற்று வெளியேற இடமும் உண்டா? தாழ்வாரம் சுவரைக் காக்கும் அளவுக்கு அகன்றதா? கூரை நீருக்குப் பீலியும் தொட்டியும் உண்டா? ஒரு சதுர மீற்றர்க் கூரையிலே ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 100 சதுர மீற்றர்க் கூரையிலே ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு இலட்சம் லீற்றர்; அதிலே ஐந்திலொரு பங்கு சிந்தினாலும் 80,000 லீற்றர் மிஞ்சும். ஆறென்று சொல்ல, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றையே உடைய யாழ்ப்பாணத்தார்க்கு அந்நீரின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுமா?

இவற்றோடு, வேலையிலே ஊர் இளைஞர் எத்தனை பேர் அமர்த்தப்படுவர், எத்தொழில் பழக்கப்படுவர் என்பது ஒப்பந்தத்திலே எழுத்தில் இருத்தல் வேண்டும். பராமரிப்புக்கென ஒரு புத்தகமும் சிறு நிதியும் பாடசாலையிலே இருத்தல் வேண்டும். எந்திரிகளே, கட்டடக்கலைஞர்களே, நீங்கள் படித்த ஊர்ப் பாடசாலைக்கு ஆண்டுக்கு இரண்டு நாட்களைத் தாருங்கள். கமக்காரப் பெருமக்களே, காற்று எப்பக்கம் வீசும், வெள்ளம் எங்கே நிற்கும், எம்மண் இறுகும், எம்மண் கரையும் என்பதை உங்களைவிட நன்கறிந்தவர் எந்தக் கந்தோரிலும் இல்லை. அந்த அறிவைச் சங்கக் கூட்டத்திலே எழுந்து சொல்லுங்கள். அக்கூட்டத்திலே ஊரின் எல்லாப் பகுதியாரும், தாய்மாரும், சம ஆசனத்தில் இருந்து பேசுகின்றனரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியாரை விலக்கிவிட்டுக் கட்டப்படும் பாடசாலையை ஊரின் பாடசாலை என்று நாம் அழைக்கமாட்டோம்.

பெயர்க்கல்லிலே எவருடைய பெயரைப் பொறித்தாலும் பொறிக்கட்டும். கூரையிலே ஓர் ஓடு விலகிய நாளிலே, ஏணியை எடுத்துக்கொண்டு முன்வருபவர் யார் என்று பாருங்கள். அவர் ஊராராக இருந்தால், அக்கட்டடம் ஊருடையது. அவ்வாறு ஒருவரும் இல்லையேல், எத்தனை இலட்சம் செலவிட்டு எழுப்பியதாயினும், அஃது அந்நியருடைய கட்டடமே.